சரசா போட்ட முடிச்சு

மாலையில் திரும்பி வரும் சாப்பாட்டு டப்பாவைக் கழுவுவதற்கு முன் முகர்ந்து பார்ப்பது சரசாவுக்குச் சில வாரங்களாகப் பழக்கமாகியிருந்தது. அன்று காலை அவள் கொடுத்தனுப்பியது எலுமிச்சை சாதமும் வாழைக்காய் வறுவலும். திரும்பி வந்த டப்பாவில் கோடா மசாலா வாசனை அடித்தது. மராட்டியர் வீடுகளில் கத்தரிக்காய்க்குப் போடும் அந்தக் கறுப்பு மசாலா சரசாவின் சமையலறைக்குள் ஒரு நாளும் நுழைந்ததில்லை.

"இன்னிக்கு என்ன, கத்தரிக்காயா?" என்று கூடத்தைப் பார்த்துக் கேட்டாள்.

சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த விச்சு சாதாரணமாகப் பதில் சொன்னான். "ஆமா, ராஜஸ்ரீ கொண்டு வந்திருந்தா. எள்ளும் வேர்க்கடலையும் பொடி பண்ணி உள்ள அடைச்சு, பிரமாதமா இருந்தது. நீயும் ஒரு நாள் கேட்டுத் தெரிஞ்சுக்கோயேன்."

"நான் எதுக்குத் தெரிஞ்சுக்கணும்? சாப்பிடறவாளுக்கு எங்க கிடைக்கும்னு தெரிஞ்சிருந்தா போறாதா?"

விச்சு சிரித்தான். மனைவி வேடிக்கையாகப் பேசுகிறாள் என்றே நினைத்தான். சரசா டப்பாவை நாரால் அழுத்தித் தேய்த்தாள்.

விச்சுவுக்குப் புனேயின் கேம்ப் பகுதியில் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை. வீடு விஷ்ராந்த்வாடியில், மூன்றாவது மாடியில். எதிர் வீட்டில் இருக்கும் ராஜஸ்ரீக்கும் அதே அலுவலகம். அவளுடைய கணவர் ராணுவத்தில் சுபேதார். வடகிழக்கு எல்லையில் இருந்தார். மழைக்காலத்தில் ராஜஸ்ரீயின் வண்டி பழுதாகி நின்றதிலிருந்து அவள் விச்சுவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போய்வந்தாள். வண்டி சரியான பிறகும் அந்த ஏற்பாடு தொடர்ந்தது. காலை நெரிசலில் ஆளுக்கொரு வண்டி எதற்கு என்றான் விச்சு. நியாயமான பேச்சுதான். ஆனாலும் இருவரும் கிளம்பும் நேரத்தில் சரசாவின் கால்கள் தாமாகப் பால்கனிக்குப் போகும். ராஜஸ்ரீ ஹெல்மெட்டுக்குள் கூந்தலைத் திணிப்பதையும், விச்சு அதற்காகக் காத்திருப்பதையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். தனக்காக அவன் இத்தனை பொறுமையாக என்றைக்குக் காத்திருந்தான் என்று கேட்டுக்கொள்வாள்.

இன்னொன்றும் அவளைக் குத்தியது. ராஜஸ்ரீ தமிழ் கற்றுக்கொண்டிருந்தாள். மாடிப்படியில் எதிர்ப்பட்டால், "சரசா வஹினி, சாப்டீங்களா?" என்று கேட்பாள். சொல்லிக்கொடுத்தது யார் என்று விசாரிக்க வேண்டிய அவசியம் இல்லை. 'அண்ணி' என்று மராட்டியில் கூப்பிட்டுவிட்டுத் தமிழில் குசலம் விசாரிக்கும் அந்த வாய்க்குச் சரசா இந்தியில்தான் பதில் சொல்வாள், "ஹோ கயா", அதாவது ஆயிற்று என்று, கதவைச் சாத்திக்கொண்டே.

இந்த நிலைமையில்தான் டிசம்பர் மாதம் குடியிருப்பின் மகளிர் மண்டலி ஒரு மருத்துவ முகாம் நடத்தியது. முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை. பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுத்து அனுப்புவார்கள். ஏதாவது இருந்தால் போனில் கூப்பிடுவார்கள். பக்கத்துக் கட்டடத்து ஹசீனா, "வாங்கக்கா, ஒரு நிமிஷ வேலை" என்று கையைப் பிடித்து இழுத்துப் போகாவிட்டால் சரசா போயிருக்கவே மாட்டாள். ஹசீனா ஆம்பூர்க்காரி. அவள் கணவர் கவுஸ் கேம்பில் தோல் பை கடை வைத்திருந்தார். புனேயில் சரசா வாய்விட்டுத் தமிழ் பேசும் ஒரே சிநேகிதி அவள்.

சில நாட்களில் சரசாவுக்குப் போன் வந்தது. ஆளந்தி ரோடு மருத்துவமனைக்கு நேரில் வரச் சொன்னார்கள்.

டாக்டர் பிரியம்வதா கோயம்புத்தூர்ப் பெண். தமிழ் முகத்தைப் பார்த்ததும் தமிழிலேயே ஆரம்பித்தார். "பயப்படாதீங்க. உங்களுக்கு ஹெச்.பி.வி.ன்னு ஒரு வைரஸ் இருக்குன்னு டெஸ்ட்ல வந்திருக்கு. கேன்சர் இல்லை. ஆனா இது ரொம்ப நாள் தங்கிட்டா பின்னாடி கேன்சரா மாற வாய்ப்பு இருக்கிற ரகம். அதனால உள்ள லென்ஸ் வச்சு ஒரு தடவை பார்த்துடலாம்."

"இது எப்படி டாக்டர் வரும்?"

"பெரும்பாலும் தாம்பத்திய உறவு மூலமாத்தான். ஆனா இது ரொம்பவே சாதாரணம். பெரும்பாலான பெண்களுக்கு..."

டாக்டர் மேலும் ஏதேதோ சொன்னார். சரசாவின் காது முதல் வாக்கியத்தோடு அடைத்துக்கொண்டது. தாம்பத்திய உறவு. அவளுக்குத் தெரிந்தவன் ஒருவன்தான். அப்படியானால் அவனுக்கு எங்கிருந்து? 'ரொம்ப சாதாரணம்' என்று டாக்டர் சொன்னது ஆறுதலுக்குச் சொன்னதாகவே பட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு நேரம் குறித்துக்கொண்டு, நன்றிகூடச் சொல்லாமல் எழுந்து வெளியே வந்தாள்.

வெளி பெஞ்சில் ராஜஸ்ரீ உட்கார்ந்திருந்தாள்.

சரசாவைப் பார்த்ததும் ராஜஸ்ரீயின் முகம் வெளுத்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நர்ஸ் அவள் பெயரைக் கூப்பிட்டதால், தலையைக் குனிந்தபடி உள்ளே போனாள். அந்தக் குனிந்த தலைதான் சரசாவுக்குச் சாட்சியாகிவிட்டது. எனக்கும் இருக்கிறது, அவளுக்கும் இருக்கிறது. நடுவில் ஒரு ஸ்கூட்டர் இருக்கிறது. இரண்டு நுனியையும் இழுத்து இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள் சரசா. ஆட்டோவில் வீடு வந்து சேர்வதற்குள் அந்த முடிச்சு கல்லாகிவிட்டது.

விச்சுவிடம் அவள் எதையும் சொல்லவில்லை. தானே வாய் திறந்து மாட்டிக்கொள்ளட்டும் என்று காத்திருந்தாள். மகள் அம்முவை இடையில் வைத்துப் பேசினாள்.

"அம்மு, அப்பாவைக் கேளு, ராத்திரி என்ன வேணுமாம்? இல்ல, எதிராத்துலேர்ந்து வந்துடுமா?"

பன்னிரண்டு வயது அம்முவுக்குத் தமிழ் தடுக்கும். "அப்பா, மம்மி ஆஸ்க் பண்றா, வாட் டு யூ வான்ட்?" என்று பாதியை மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

"என்ன சரசா, ஒரு வாரமா முகத்தைத் தூக்கி வச்சுண்டிருக்கே? உடம்பு சரியில்லையா?" என்றான் விச்சு.

"என் உடம்பைப் பத்தி உங்களுக்கென்ன திடீர்னு? அதுல என்ன இருக்கு, எங்கேர்ந்து வந்ததுன்னு உங்களுக்குத் தெரியாததா?"

"புரியும்படியா பேசேன்."

"புரிய வேண்டியவாளுக்குப் புரியும்."

அவன் அலுத்துக்கொண்டு டி.வி.யைப் போட்டான். நடிப்பு என்று நினைத்தாள் சரசா. அவன் குளிக்கப் போனபோது அவனுடைய போனை எடுத்துப் பார்த்தாள். ராஜஸ்ரீ அனுப்பியிருந்தவையெல்லாம் 'கீழே நிற்கிறேன்', 'இன்று லீவு', 'பில் பாஸ் ஆகிவிட்டதா' ரகம். கள்ளத்தனம் தெரிந்தவர்கள் எழுத்தில் வைப்பார்களா என்று அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்தாள்.

செவ்வாய்க்கிழமை வந்தது. சரசா மருத்துவமனைக்குப் போகவில்லை. தப்புப் பண்ணியது யாரோ, மேஜையில் ஏறிப் படுப்பது நானா என்ற ஆத்திரம் ஒரு பக்கம். அங்கே போனால் மறுபடி ராஜஸ்ரீயின் பக்கத்தில் உட்கார நேருமே என்ற எரிச்சல் மறுபக்கம். மருத்துவமனையிலிருந்து போன் வந்தபோது துண்டித்தாள். மறுபடி வந்தபோது அந்த எண்ணையே தடுத்துவிட்டாள். எதிரியைக் கண்காணிப்பதில் செலவழித்த அக்கறையில் கால்பங்கைக்கூட அவள் தன் உடம்புக்குக் கொடுக்கவில்லை.

பொங்கல் முடிந்த வாரம் ராஜஸ்ரீ வாசலில் வந்து நின்றாள். "வஹினி, வெள்ளிக்கிழமை எங்க வீட்டுல ஹல்தி குங்குமம். கண்டிப்பா வரணும்." சங்கராந்திக்குப் பிறகு மராட்டியப் பெண்கள் அக்கம்பக்கத்துப் பெண்களை அழைத்து மஞ்சள் குங்குமமும் எள்ளுருண்டையும் ஒரு சின்னப் பாத்திரமும் கொடுப்பது வழக்கம். சரசா ஒவ்வொரு வருடமும் போவாள்தான். இந்த வருடம் முகத்தில் அடித்தாற்போல மறுக்க நினைத்தவள், நிதானித்து, "வரேன்" என்றாள். அவள் வீட்டுக்குள்ளேயே போய்ப் பார்த்துவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை ராஜஸ்ரீ கறுப்புப் புடவையில் இருந்தாள். சங்கராந்திக் காலத்தில் அவர்களுக்குக் கறுப்புதான் விசேஷம். நல்ல நாளில் கறுப்பு உடுத்தக் கூடாது என்று வளர்ந்த சரசாவுக்கு அந்தக் கறுப்பு அவளுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருந்ததே பெரிய கஷ்டமாக இருந்தது. மெல்லிய தங்கக் கரை, மூக்கில் முத்து நத்து. கூடத்தில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். ராஜஸ்ரீ எள்ளுருண்டையைக் கையில் வைத்து, வழக்கமான வாழ்த்தைச் சொன்னாள்: "திளகூள் க்யா, கோட் போலா." எள்ளும் வெல்லமும் வாங்கிக்கொள், இனிமையாகப் பேசு.

சரசா உருண்டையை வாயில் போடாமல் விரல்களுக்குள் வைத்து நொறுக்கினாள்.

தண்ணீர் குடிக்கும் சாக்கில் சமையலறைக்குள் போனபோது மேடை மீது அதைப் பார்த்தாள். மூடியில் 'வி' என்று பெயர் வெட்டிய எவர்சில்வர் டப்பா. அவள் அம்மா சீராகக் கொடுத்த செட்டில் ஒன்று. பதினைந்து நாளாகக் காணோமே என்று வீடெல்லாம் தேடியது. தேடும்போது விச்சு பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான்.

தட்டு எடுக்க உள்ளே வந்த ராஜஸ்ரீயை வழிமறித்தாள் சரசா. பேச்சு இந்தியில் நடந்தது. கோபத்தில் இடையிடையே தமிழும் விழுந்தது.

"டப்பா இங்க, ஸ்கூட்டர்ல நீ, பாஷைகூடக் கத்துண்டாச்சு. மிச்சம் என்ன வச்சிருக்கே? வியாதி ஒண்ணுதான். அதையும் எனக்குக் கொடுத்துட்டே."

ராஜஸ்ரீ விழித்தாள். "வஹினி, என்ன சொல்றீங்க?"

"டாக்டர் உன்னையும் கூப்பிட்டா, என்னையும் கூப்பிட்டா. ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி. உன் புருஷன் ஊர்ல இல்லை. நடுவுல யாருன்னு நான் வேற சொல்லணுமா?"

ராஜஸ்ரீயின் கையிலிருந்த தட்டு மேடையில் சத்தமாக விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு ஹசீனா எட்டிப் பார்த்தாள். அவள் பின்னாலேயே கீழ் வீட்டு லிமயே காகூவும் வந்தாள். குடியிருப்புக்கே காகூ, அதாவது சித்தி; அறுபது வயதுக்காரி, வாய்த்துடுக்கு அதிகம். சரசா நிறுத்தவில்லை. மறைக்க என்ன இருக்கிறது என்று அவர்கள் முன்னாலேயே இன்னொரு முறை சொன்னாள்.

முதலில் பேசியது ஹசீனா. கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "அக்கா, ஒரு நிமிஷம் இருங்க. அந்த முகாம்ல என்னையும்தான் கூப்பிட்டாங்க. எனக்கும் அதே வைரஸ்தான்."

சரசா திரும்பிப் பார்த்தாள்.

"என்ன பாக்குறீங்க? அப்ப நானும் விச்சு அண்ணன் ஸ்கூட்டர்ல ஏறினேனா?"

லிமயே காகூவுக்கு விஷயம் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அரே தேவா! என்னையும் கூப்பிட்டாங்களே! என் வீட்டு ஆஜோபா, அந்தக் கிழவர், முட்டி வலியில பாத்ரூமுக்கே தடி ஊன்றிப் போறார். அப்போ எனக்கும் உன் புருஷன்தானா? பாவம்டி அந்த மனுஷன், ஆபீஸுக்கு எப்போ போறான்?"

ஹசீனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சரசாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் போட்ட கணக்குப்படி விச்சு இப்போது குடியிருப்பு முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டியவனாகிவிட்டான். கண்ணில் பட்ட இருவரை மட்டும் வைத்து அவள் போட்ட கணக்கு அது. கூப்பிடப்பட்ட மற்றவர்கள் ஆளுக்கொரு நாளில், ஆளுக்கொரு பொய் சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போய்வந்திருக்கிறார்கள்.

"எனக்கு டாக்டர் முழுசா சொன்னாங்க. நீங்க கேக்காம எழுந்து வந்திருப்பீங்க, உங்களைத் தெரியாதா?" என்றாள் ஹசீனா. "இது பெரும்பாலான பொம்பளைங்களுக்கு ஒரு தடவையாவது வந்துட்டுப் போறதுதானாம். ஆம்பளைங்களுக்கும் அப்படித்தான். நிறையப் பேருக்கு உடம்பே விரட்டிடும், வந்தது போனது எதுவும் தெரியாது. சிலருக்குத்தான் தங்கிடும். எப்ப வந்துச்சு, யாருகிட்டேருந்து வந்துச்சுன்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாதாம். நிக்காஹ் ஆன புதுசுல வந்தது இப்பக்கூட காட்டலாமாம்."

ராஜஸ்ரீ தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ரிசல்ட் வந்த அன்னிக்கு நான் அவருக்குப் போன்ல சொன்னேன். 'நான் இல்லாதப்ப வீட்டுக்கு யாரு வரா?'ன்னு கேட்டார். அதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி. அதுக்கப்புறம் என் போனை எடுக்கறதில்லை. உள்ள லென்ஸ் வச்சுப் பார்த்து, சதை கொஞ்சம் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்காங்க. நான் தனியாத்தான் போனேன். அன்னிக்கு பெஞ்ச்ல உங்களைப் பார்த்ததும், அடுத்த தடவை ரெண்டு பேரும் சேர்ந்து வரலாமான்னு கேக்கணும்னு நினைச்சேன்." முத்து நத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "அந்த டப்பா ஆபீஸ்ல மாறி வந்தது, திருப்பிக் கொடுக்க மறந்துட்டேன். உங்ககூடப் பேசணும்னுதான் அந்த நாலு தமிழ் வார்த்தையும் கத்துக்கிட்டேன், வஹினி. அவருக்காவது தூரம். நீங்க எதிர் வீட்டுல இருக்கீங்க."

சரசா சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டாள். டப்பாவைக்கூட எடுத்துக்கொள்ளாமல், ராஜஸ்ரீயின் கையை ஒரு முறை அழுத்திவிட்டு வெளியே வந்தாள்.

"நீங்க போய்ப் பாத்துக்கிட்டீங்களாக்கா?" என்று படியில் ஹசீனா கேட்டாள்.

"போகலை."

"ஏன்?"

"பொறாமை" என்றாள் சரசா. வேறு காரணம் எதுவும் அவளிடம் இருக்கவில்லை.

அன்றிரவு சாப்பாடு ஆனதும், அம்மு தன் அறைக்குப் போன பிறகு, விச்சுவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வைரஸ் என்றதும் அவன் பதறினான். எப்படிப் பரவும் என்று சொன்னதும் பதற்றம் நின்றது. அவன் முகத்தில் வேறு ஏதோ ஒன்று மெல்ல வந்து உட்கார்ந்தது. சில நாட்களாகக் கண்ணாடியில் அவளே பார்த்துப் பழகிய முகம் அது.

"உனக்கு எப்படி..." என்று இழுத்தான். பிறகு சாதாரணமாகக் கேட்பதுபோல, "கிளப் ஹவுஸ்ல அந்த யோகா மாஸ்டர், ஜெயந்த், இன்னும் வரானா?" என்றான்.

சரசாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. கண்ணில் நீர் தளும்பும் சிரிப்பு.

"நான் ராஜஸ்ரீன்னு நினைச்சேன். நீங்க ஜெயந்த்ங்கறேள். என்ன வியாதின்னு முழுசாக் கேக்கறதுக்கு முன்னாடி, நம்ம ரெண்டு பேருக்கும் சந்தேகப்பட ஒரு ஆள் தயாரா இருக்கா, பாருங்கோ. வைத்தியத்துக்குப் போகணும்னு மட்டும் தோணலை."

விச்சு தலைகுனிந்தான். "எப்போ போகணும்?" என்று கேட்டான்.

"போக வேண்டிய நாள் போயாச்சு. நாளைக்கே போகலாம்."

மறுநாள் காலை விச்சுவும் சரசாவும் ராஜஸ்ரீயும் ஒரே ஆட்டோவில் போனார்கள். ராஜஸ்ரீயின் முடிவு வந்திருந்தது. ஆரம்ப நிலை மாற்றம். சின்ன சிகிச்சையில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். அவள் வெளியே வந்து விச்சுவின் எதிரிலேயே சரசாவின் தோளில் சாய்ந்து அழுதாள். சரசா அவளை அணைத்துக்கொண்டு நின்றாள்.

அடுத்தது சரசாவின் முறை. டாக்டர் பிரியம்வதா பொறுமையாகப் பார்த்தார். சரசாவுக்கும் ஓரிடத்தில் சின்ன மாற்றம் இருந்தது. அதிலிருந்து துளி எடுத்து அனுப்பினார். "இது ஒரு நாள்ல கேன்சர் ஆகிற விஷயம் இல்லை, வருஷக்கணக்காகும். அந்த வருஷங்களைத்தான் நாம வீணாக்கக் கூடாது. நீங்க சொன்ன மாதிரி எங்க நம்பரை பிளாக் பண்ணிட்டு அப்படியே இருந்திருந்தா, ரத்தப்போக்கு ஆரம்பிச்ச பிறகுதான் வந்திருப்பீங்க. அப்படி வர்றவங்க நிறையப் பேரை நான் பார்க்கிறேன்" என்றார்.

விச்சு கைகளைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். டாக்டர் கடைசியாக, "வீட்டுல பெண் குழந்தை இருக்கில்ல? பன்னிரண்டு வயசா? இந்த வைரஸுக்குத் தடுப்பூசி இருக்கு. இந்த வயசுல போட்டா நல்ல பாதுகாப்பு" என்றார்.

விச்சு நெளிந்தான். "அம்முவுக்கா? இந்த வயசுலயா? டாக்டர், அது எதுனால வர்ற வியாதின்னு எல்லாருக்கும் தெரியும். நாளைக்கு அக்கம்பக்கத்துல கேட்டா, குழந்தையைப் பத்தி என்ன நினைப்பா?"

டாக்டர் பதில் சொல்வதற்குள் சரசா பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"இது தப்பான நடத்தையால வர்றதுன்னு நினைச்சதாலதான் நான் இங்க வரவேண்டிய நாளைத் தவறவிட்டேன். அதே நினைப்புலதான் ராஜஸ்ரீயோட புருஷன் அவளைத் தனியா இந்த பெஞ்ச்ல உக்கார வச்சார். இது நடத்தைக்கு வர்ற தண்டனை இல்லை. ஜலதோஷம் மாதிரி, பாதி ஊருக்கு வந்துட்டுப் போறது. யார் கொடுத்தான்னு துப்புத் துலக்கிண்டிருந்தா நேரம்தான் போகும், உயிரும் போகும். சந்தேகப்படறதுக்கு முன்னாடி பொண்ணுகள் பரிசோதனைக்குப் போகணும். புருஷன்கள் கேள்வி கேக்காம கூடப் போகணும். குழந்தைகளுக்கு வெக்கப்படாம ஊசி போடணும். அம்முவை நான் அழைச்சுண்டு வரேன். யாராவது கேட்டா, எதுக்குன்னு நானே சொல்றேன். அவா ஆத்துப் பொண்ணையும் அழைச்சுண்டு வரச் சொல்றேன்."